கால் வைக்கும் இடம்

ஆன்லைன் ஆட்டங்களில் ரெய்டு என்று ஒன்று உண்டு. பத்துப் பேரோ இருபத்தைந்து பேரோ, எந்தெந்த ஊரிலோ தத்தம் கணினி முன் உட்கார்ந்து, ஹெட்செட்டில் ஒருவர் குரலை ஒருவர் கேட்டபடி, ஒரே ஒரு பெரிய எதிரியை வீழ்த்தப் பார்ப்பார்கள். அந்த எதிரிதான் பாஸ். புதிதாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு வாள் வீச்சும் மந்திர ஒளியும் திரையை நிறைக்கும் எண்களும்தான் தெரியும். அதெல்லாம் மேல்பூச்சு. நான் தரையைப் பார்ப்பேன். யார் எங்கே நிற்கிறார், எப்போது நகர்கிறார், நகர்ந்த பிறகு பக்கத்தில் இருப்பவருக்கு இடம் விட்டாரா என்பதில்தான் ஒரு ரெய்டின் தரம் இருக்கிறது. இதைச் சொல்லித்தருவதில் லிச் கிங் சண்டைக்கு நிகரான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிளிஸார்ட் நிறுவனத்தின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டு முன்பே, 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3இல், ஆர்தஸ் என்ற இளவரசனின் கதை தொடங்கிவிட்டது. தன் மக்களைக் காப்பாற்றப் புறப்பட்டவன் ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற சபிக்கப்பட்ட வாளை எடுக்கிறான். அந்த வாளாலேயே தந்தை டெரனஸ் அரசரைக் கொல்கிறான். அந்த ஆட்டத்தில் ஆர்தஸை ஒவ்வொரு படியாக அந்த வாள்வரை நடத்திச் சென்றது ஆடுபவரின் கைதான். பிறகு அவனே லிச் கிங் ஆனான். 2008 நவம்பரில் வந்த விரிவாக்கம் அவன் பெயரையே தாங்கியது. 2009 டிசம்பர் 8 அன்று அவன் கோட்டையான ஐஸ்கிரவுன் சிட்டாடல் திறந்தது. 12 மோதல்கள் கொண்ட அந்தக் கோட்டையின் கதவுகள் கட்டம் கட்டமாகத்தான் திறந்தன. உச்சியில் அவனைச் சந்திக்க 2010 பிப்ரவரிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

உச்சியில் ஒரு வட்டமான பனித்தளம். சுற்றிலும் தடுப்பு எதுவும் கிடையாது. விளிம்பைத் தாண்டினால் பாதாளம். வேறு மேடை அலங்காரம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒளிந்துகொள்ளத் தூண்கூட இல்லை. சண்டையை வடிவமைத்தவர்கள் கையில் எடுத்துக்கொண்ட பொருள் அந்த வெறும் தரை ஒன்றுதான். கால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய சண்டை. கடினமான 25 பேர் வடிவத்தில் அவன் ஹெல்த், அதாவது உயிர்ப்புள்ளி, பத்துக் கோடிக்கு மேல்.

முதல் கட்டம் ஏறக்குறைய அமைதியானது. அடி தாங்கும் வேலையில் உள்ள டேங்க் ஒருவர் அவனைப் பிடித்துக்கொள்வார். அவன் எழுப்பும் பிணங்களை இன்னொரு டேங்க் ஒதுக்கி வைத்திருப்பார். நடுநடுவே அவன் நெக்ரோட்டிக் பிளேக் என்ற கொள்ளைநோயை யாராவது ஒருவர் மீது ஏவுவான். ஐந்து விநாடிக்குள் அதை எடுத்துவிடாவிட்டால் அவர் சாவார். எடுத்தாலும் நோய் அழிவதில்லை, பக்கத்தில் இருக்கும் இன்னோர் உடலுக்குத் தாவிவிடும். ஆகவே நோய் வந்தவர் பிணங்களை நோக்கி ஓடுவார். அவர் அங்கே சேர்ந்த கணத்தில், குணப்படுத்தும் வேலையில் உள்ள ஹீலர் நோயை எடுத்துவிடுவார். அதைத்தான் டிஸ்பெல் என்பார்கள். நோய் பிணத்துக்குத் தாவும், அதைக் கொல்லும், முன்னைவிட வலுவாகி அடுத்த பிணத்துக்குப் போகும். அவன் ஏவிய நோயே அவன் படையைத் தின்னும்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த ஓட்டத்துக்கும் டிஸ்பெல்லுக்கும் நடுவே உள்ள அரை விநாடி. ஓடுகிறவர் சேர்வதற்கு முன்பே ஹீலர் அவசரப்பட்டால் நோய் நம்மவர் ஒருவர் மேல் விழும். தாமதித்தால் ஓடியவர் போய்விடுவார். ஆரம்பத்தில் இருவரும் ஹெட்செட்டில் பேசிக்கொள்வார்கள்: “வந்துட்டேன், எடுங்க.” சில வாரங்களில் அந்தப் பேச்சு நின்றுவிடும். இன்னார் எந்த வேகத்தில் ஓடுவார், எந்தப் பக்கமாகச் சுற்றி வருவார் என்பது ஹீலருக்குப் பழகியிருக்கும். இத்தனைக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஹெல்த் 70 விழுக்காட்டுக்கு இறங்கியதும் அவன் தளத்தின் நடுவுக்குப் போய் நின்று பனிப்புயலை எழுப்புவான். நடுவில் நிற்பவர்கள் சாவார்கள் என்பதால் எல்லோரும் விளிம்புக்கு ஓட வேண்டும். அங்கே நம்மைத் தள்ளிவிடப் பனிக்கோளங்கள் மிதந்து வரும். ஆவிகள் எழும். ஒரு நிமிடம் அந்த விளிம்பில் தாக்குப்பிடித்தால் தரை அதிரத் தொடங்கும். இப்போது உள்ளே ஓடியாக வேண்டும், ஏனென்றால் இதுவரை அடைக்கலம் தந்த அந்த விளிம்பே உடைந்து கீழே விழப் போகிறது. தயங்கி நின்றவர்கள் அதோடு போவார்கள். தளம் சுருங்கிவிடும். எந்த இடத்தையும் நம்பி அங்கேயே இருந்துவிட முடியாது என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் இரண்டாம் கட்டத்தைத் தொடங்குகிறார்கள்.

இரண்டாம் கட்டம்தான் இந்தச் சண்டையின் நெஞ்சு. இதில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது டீஃபைல். அவன் இரண்டு விநாடி மந்திரம் ஓதுவான். இலக்காக அமைந்த ஒருவர் காலடியில் கறுப்பாக ஒரு குட்டை விழும். விழும்போது அது சிறியது, இரண்டு எட்டு வைத்தால் வெளியே வந்துவிடலாம். ஆனால் அதற்குள் நிற்கும் ஒருவருக்கு ஒருமுறை அடி விழுந்தால் அது கொஞ்சம் வளரும். இருவர் நின்றால் இன்னும் வேகமாக வளரும். வளர்ந்ததால் பக்கத்தில் நின்றவரும் உள்ளே அகப்படுவார், அவராலும் அது வளரும். நாலைந்து விநாடிகளில் தளம் முழுதும் கறுத்து, இருபத்தைந்து பேரும் கிடப்பார்கள். குழு மொத்தமும் செத்து முதலிலிருந்து தொடங்குவதை வைப் என்பார்கள். லிச் கிங்கிடம் நடந்த வைப்களில் பெரும்பங்கு இந்தக் குட்டையால் வந்ததுதான்.

இரண்டாவது வால்கிர்கள். இவர்கள் சிறகுள்ள ஆவிப்பெண்கள். 25 பேர் ரெய்டில் மூவர் வருவார்கள். ஆளுக்கு ஒருவரைத் தூக்கிக்கொண்டு விளிம்பை நோக்கி மெல்லப் பறப்பார்கள், வெளியே போனதும் கைவிட்டுவிடுவார்கள். அதற்குள் அவர்களை ஸ்டன் செய்து உறைய வைத்து, வேகத்தைக் குறைத்து, அடித்து இறக்க வேண்டும். மூவரும் மூன்று திசையில் பறந்தால் ஒருவரையாவது இழப்போம். எனவே அவர்கள் வரும் நேரத்தில் இருபத்தைந்து பேரும் ஒரே புள்ளியில் குவிந்து நிற்பார்கள். எல்லாரும் ஓரிடத்தில் இருந்தால் மூன்று வால்கிர்களும் அங்கிருந்தே கிளம்பி ஒரே வழியில் போவார்கள், ஒரே அடி மூவர் மேலும் விழும்.

வால்கிருக்கு எல்லாரும் கூட வேண்டும், டீஃபைலுக்கு எல்லாரும் கலைய வேண்டும். டீஃபைல் அரை நிமிடத்துக்குச் சற்று மேலாக ஒருமுறை. வால்கிர்கள் ஏறக்குறைய முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை. இந்த இரண்டு தாளமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒரு சுற்றில் இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட நேரம் இருக்கும். அடுத்த சுற்றில் ஒன்றன் காலை இன்னொன்று மிதிக்கும்: குவிந்து நிற்கும்போதே டீஃபைல் மந்திரம் தொடங்கிவிடும், ஒருவர் காலடியில் குட்டை விழப்போகிறது, அவரைச் சுற்றி இருபத்துநான்கு பேர். இதற்கு மேல் இன்ஃபெஸ்ட் என்ற நோய் வேறு அனைவர் மீதும் பரவும். ஒவ்வொருவர் ஹெல்த்தும் 90 விழுக்காட்டைத் தாண்டும்வரை அது விடாமல் வளர்ந்துகொண்டே அரிக்கும். ஹீலர்கள் இருபத்தைந்து பேரையும் தொட்டுத் தூக்க வேண்டியதும் அதே நேரத்தில்தான்.

பின்னல் கோலாட்டம் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு ஆடுவார்கள். ஆட ஆடக் கயிறு பின்னும், பிறகு அதே ஆட்டத்தைத் திருப்பி ஆடினால் பின்னல் அவிழும். ஒருத்தி மட்டும் இடப்பக்கம் போக வேண்டிய இடத்தில் வலப்பக்கம் போனால் சிக்கல் அவள் கயிற்றோடு நிற்காது.

இந்தச் சண்டையைக் கற்கும் விதம் கவனிக்கத் தக்கது. முதல் சில இரவுகளில் யாருக்கும் எதனால் செத்தோம் என்பதே தெரியாது. எல்லாரும் கறுப்பில் கிடப்பார்கள், அவ்வளவுதான். அடுத்த கட்டத்தில் காரணம் தெரியும்: குட்டைக்குள் யார் நின்றார், எத்தனை அடி வாங்கினார் என்று போர்ப்பதிவு வரிவரியாகச் சொல்லிவிடும். இங்கே பல குழுக்கள் உடையும். ஆளைச் சுட்டிக் கத்துகிற தலைவரிடம் நாளாவட்டத்தில் ஆட்கள் குறைவார்கள். நல்ல தலைவர் ஆளை விட்டுவிட்டு இடத்தைப் பற்றிப் பேசுவார். “நாம அஞ்சு பேரும் இடப்பக்கமே ஓடறோம், அங்க நெரிசல். ரெண்டு பேர் இனிமே வடக்குப் பக்கம் எடுத்துக்கங்க.” இந்த மாதிரி ஒரு வாக்கியம் கேட்டால் அந்தக் குழு ஜெயிக்கும் என்று எனக்கு அப்போதே தோன்றிவிடும்.

அதற்குப் பிறகு வருவதுதான் நான் காத்திருக்கும் கட்டம். டீஃபைல் வருமுன்பே தளம் தானாகப் பிரிந்துகொள்ளும். எல்லாரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஆட்-ஆன் என்னும் துணை மென்பொருள் எச்சரிக்கை மணி அடிக்கும் என்றாலும், அதற்கு ஒரு நொடி முன்பே கால்கள் நகரத் தொடங்கியிருக்கும். குட்டை விழுந்ததும் இலக்கானவர் ஒரே எட்டில் வெளியே வருவார். அது விழுந்தபோது இருந்த அளவிலேயே, ஒரு துளிகூட வளராமல், அரை நிமிடம் தளத்தில் கிடந்து மறையும். சின்னதாக, யாரையும் தீண்டாமல் மறைந்த ஒரு டீஃபைலைப் பார்ப்பது எனக்கு அலாதியான இன்பம். பாஸின் ஹெல்த் சரிவதைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பதில் நிறைவு அதிகம். அதில் இருபத்தைந்து பேரின் உழைப்பும் தெரியும்.

இந்த ஆட்டத்தில் தரையை ஆயுதமாக்கும் வழக்கம் லிச் கிங்கோடு தொடங்கியதில்லை. 2006 தொடக்கத்தில் வந்த க்துன் என்ற பாஸின் கண்ணொளி பத்து கஜத்துக்குள் நிற்பவர்களிடையே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவும், தாவும்போதெல்லாம் வலுவாகும். அன்று ரெய்டுக்கு 40 பேர். வாசலில் கும்பலாக நுழைந்தால் முதல் ஒளியிலேயே கதை முடிந்தது. அதே ஆண்டு வந்த நாக்ஸ்ராமஸில் ஹைகன் என்பவன் அறையின் தரையை நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒன்றை மட்டும் விட்டு மற்ற மூன்றையும் வெடிக்க வைப்பான். பத்திரமான அந்தப் பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும், அதோடு ஓட வேண்டும். தாடியஸ் என்பவன் ஒவ்வொருவருக்கும் நேர் அல்லது எதிர் மின்னூட்டம் கொடுப்பான். ஒரே மின்னூட்டம் உள்ளவர்கள் சேர்ந்து நின்றால் பலம், மாறி நின்றால் மரணம். மூன்றும் நல்ல படைப்புகள். ஆனால் ஹைகனின் ஆட்டத்தைத் தனியாக ஓடிக் கற்றுக்கொண்டுவிடலாம். பக்கத்தில் இருப்பவர் இறந்தாலும் நாம் தப்பலாம். க்துன் கலைந்து நிற்க மட்டும் சொல்கிறான், தாடியஸ் பக்கம் மாறச் சொல்கிறான். கூடுவதையும் கலைவதையும் ஒரே மூச்சில் கேட்டு, ஒருவர் தவறின் விலையை எல்லோர் காலடியிலும் கறுப்பாகப் பரப்பிக் காட்டியது லிச் கிங்தான்.

இந்தச் சண்டையில் தரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதன் வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2010 பிப்ரவரியில் அவன் திறந்த உடனேயே, அன்று முன்னணியில் இருந்த என்சிடியா என்ற ஐரோப்பிய கில்டு, அதாவது ஆட்டக்குழு, 25 பேர் சாதாரண வடிவத்தில் அவனை வீழ்த்தியது. அவர்களில், ஆட்டத்தில் எஞ்சினியர் தொழில் எடுத்திருந்த ஒருவர் தன் வழக்கமான அடிகளோடு சேர்த்து சரோனைட் குண்டுகளையும் வீசியிருந்தார். அந்தக் குண்டுகளின் ஒரு பக்கவிளைவாக, உடைந்து விழுந்த விளிம்பு மறுபடி முளைத்துவிட்டது. வால்கிர்கள் கைவிட்ட இடத்தில் பாதாளத்துக்குப் பதிலாகத் தரை இருந்தது. பிளிஸார்ட் அந்த வெற்றியைத் திரும்பப் பெற்று, ஆடியவர்களை 72 மணி நேரம் தடை செய்தது. தெரிந்து செய்தார்களா என்று அன்று பெரிய வாக்குவாதம் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. சில கஜம் தரை கூடுதலாக இருந்தால் அது வேறு சண்டை என்பதை இருதரப்பும் ஒப்புக்கொண்டதாகவே அந்த நிகழ்வை நான் படிக்கிறேன்.

கடின வடிவத்தில் 25 பேரோடு அவனை உலகில் முதலில் வீழ்த்தியது பின்லாந்து ஆட்டக்காரர்களின் பாரகன் கில்டு. நாள் 2010 மார்ச் 26. அந்த வடிவத்தில் வாரத்துக்கு இத்தனை முறைதான் முயலலாம் என்று வரம்பு வைத்திருந்தார்கள். வரம்பு என்றால் ஒவ்வொரு வைப்பும் செலவு. சும்மா ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்த வரம்பை வெறுத்தவர்கள் அதிகம். எனக்கு அதில் மரியாதை உண்டு. வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த ஒரு முயற்சியில் கால் வைக்கும்போது உண்டாகும் கவனம், ஒரே இரவில் எத்தனை தடவை வேண்டுமானாலும் சாகலாம் என்கிறபோது வருவதில்லை.

மூன்றாம் கட்டத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு பெரிய அபிப்பிராயம் இல்லை. டீஃபைல் தொடர்கிறது, வானில் ஆவிகள் திரண்டு கொஞ்ச நேரத்தில் பாய்கின்றன, டேங்குகள் சோல் ரீப்பர் என்ற அடியை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரண வடிவத்தில் அவன் ஒருவரின் ஆன்மாவை வாளுக்குள் இழுத்துக்கொள்கிறான். உள்ளே டெரனஸ் அரசரின் ஆவி போராடிக்கொண்டிருக்கும், அதற்குக் கைகொடுத்து வெளியே வர வேண்டும். கதையாக அருமை. தந்தை இன்னும் மகனின் வாளுக்குள்தான் கிடக்கிறார் என்று தெரியும் இடம் மனதைத் தைக்கிறது. சண்டையாக அது ஒருவர் மட்டும் வேறு அறைக்குப் போய்வரும் இடைவேளை, அவ்வளவே. கடின வடிவத்தில் எல்லாரையும் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, அங்கும் தலைமேல் ஆவிகளை இறக்கி ஓடவிட்டபோதுதான் அந்த அறை சண்டையோடு ஒட்டியது.

பிறகு அவன் ஹெல்த்தின் அந்த 10 விழுக்காடு. அதுவரை வந்தவர்கள் கைநடுக்கத்தோடு இருப்பார்கள். ஹெட்செட்டில் ஒருவரும் பேசமாட்டார்கள். எண் பத்தைத் தொட்ட கணத்தில் லிச் கிங் ஃப்ராஸ்ட்மோர்னை ஓங்குவான். எல்லாரும் செத்து விழுவார்கள். தப்பிக்க வழியில்லை, எவ்வளவு திறமை இருந்தாலும் சாக வேண்டியதுதான். உலகின் ஆகச் சிறந்த வீரர்களைத் தன் படைக்குத் தளபதிகளாக்கவே இதுவரை வளரவிட்டேன் என்று அவன் சொல்வான். நம் தரப்பில் நின்று, தொடக்கத்திலேயே பனிக்கட்டிக்குள் உறைய வைக்கப்பட்ட டிரியன் ஃபோர்டிரிங் என்ற வீரர் அப்போது உடைத்துக்கொண்டு வந்து, ஆஷ்பிரிங்கர் வாளால் ஃப்ராஸ்ட்மோர்னைத் துண்டாக்குவார். வாளுக்குள் அடைபட்டிருந்த ஆன்மாக்கள் பீறிட்டு அவனைத் தூக்கிக்கொள்ளும். டெரனஸின் ஆவி நம்மை உயிர்ப்பிக்கும். மீதி பத்து விழுக்காட்டை யாரும் எதிர்க்காமல் அடித்து முடிக்கலாம்.

கடைசி அடியை ஆட்டக்காரர்களிடமிருந்து பிடுங்கி டிரியனிடம் கொடுத்துவிட்டார்கள் என்ற குறை அன்றிலிருந்து உண்டு. நான் ஒப்பவில்லை. 10 விழுக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோதே ஆட்டக்காரர்களின் வேலை முடிந்துவிட்டது. அதுவரை ஒரு குட்டையையும் வளரவிடாமல், ஒருவரையும் பாதாளத்துக்குக் கொடுக்காமல் வந்திருக்கிறார்கள். நகரவே முடியாமல் எல்லோரும் தரையில் கிடக்கும் அந்த நேரத்தில்தான் சண்டை முழுவதிலும் முதன்முறையாக எங்கே கால் வைப்பது என்ற கவலை இல்லை. பல குழுக்களில் அப்போது யாராவது அழுதுவிடுவார்கள். முதல் தடவை காண்கிறவர்கள், வைப் என்றே நினைத்து ஒரு விநாடி உறைந்துபோவதும் உண்டு.

2010 மார்ச்சிலிருந்து பிளிஸார்ட் இந்தக் கோட்டைக்குள் நுழைகிறவர்களுக்குப் பலத்தைக் கூட்டித் தரத் தொடங்கியது: முதலில் 5 விழுக்காடு, பிறகு படிப்படியாக 30. அதனால் நிறையப் பேர் அவனை வீழ்த்தினார்கள், கதையின் முடிவைப் பார்த்தார்கள். அது நல்லதுதான். கவனித்துப் பாருங்கள், அந்தப் பலம் அடியையும் ஹெல்த்தையும் கூட்டியதே தவிர டீஃபைலுக்கு மருந்தாகவில்லை. 30 விழுக்காடு பலத்தோடு போன குழுவும் குட்டைக்குள் நின்றால் செத்தது. 2023 அக்டோபரில் கிளாசிக் பதிப்பில் இதே கோட்டை மறுபடி திறந்தபோது, எல்லா உத்திகளும் எல்லோருக்கும் மனப்பாடம். முன்னணிக் குழுக்கள் திறந்த சூட்டோடு முடித்துவிட்டன. ஆனால் என் போன்ற சாதாரணக் குழுக்களில், எப்போது எங்கே ஓட வேண்டும் என்று ஒப்பிக்கத் தெரிந்தவர்களே கறுப்பில் விழுந்து கிடந்தார்கள். படித்த பாடம் காலுக்கு இறங்கப் பழைய கணக்கிலேயே நாள் பிடித்தது.

ஆடாதவர்கள் இந்தச் சண்டையை ரசிக்க விரும்பினால் பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. அடிப்பவர் திரையிலிருந்து எடுத்ததைத் தவிர்த்து, ஹீலர் திரையிலிருந்து எடுத்ததைத் தேடுங்கள். கேமராவை மேலே தூக்கித் தளம் முழுவதையும் பார்த்தபடி ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இரண்டாம் கட்டத்துக்கு நேராகப் போய்விடலாம். லிச் கிங்கை முதல் தடவை விட்டுவிடுங்கள், எண்களையும் விட்டுவிடுங்கள். இருபத்தைந்து பேரும் ஒரு புள்ளியில் குவிவதை, வால்கிர்கள் கிளம்புவதை, கூட்டம் பூவிதழாகப் பிரிவதைப் பாருங்கள். கறுப்புக் குட்டை விழுந்ததும் நிறுத்தி, அதன் அளவை மனதில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடவிடுங்கள். அது வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.